துடிப்பை எண்ணுதல்: இப்னு ஸீனாவிலிருந்து ஊவாத் தோட்டங்கள் வரை

நிஸாமி அரூழி எழுதிய 'சஹார் மகாலா' என்னும் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாரசீக நூலில் ஒரு வைத்தியக் கதை வருகிறது. ஜுர்ஜான் நகரில் ஆளும் குடும்பத்து இளைஞன் ஒருவன் படுக்கையில் கிடக்கிறான். நோய் இன்னதென்று எவருக்கும் பிடிபடவில்லை. தன்னை இன்னாரென்று காட்டிக்கொள்ளாமல் அவ்வூரில் தங்கியிருந்த இப்னு ஸீனாவை அழைத்து வருகிறார்கள். அவர் இளைஞனின் மணிக்கட்டில் விரல்களை வைத்துக்கொண்டு, ஊரை நன்கறிந்த ஒருவரைக் கூப்பிட்டு, நகரத்தின் பகுதிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லச் சொல்கிறார். ஒரு பகுதியின் பெயர் வரும்போது நாடி தடுமாறுகிறது. அடுத்து அந்தப் பகுதியின் தெருக்கள், பிறகு ஒரு தெருவின் வீடுகள், பிறகு ஒரு வீட்டாரின் பெயர்கள். கடைசியில் ஒரு பெண்ணின் பெயரில் நாடி துள்ளுகிறது. இளைஞனுக்கு வந்தது காதல் நோய் என்று தீர்ப்பாகிறது.

இதைக் காதல் கதையாகவே நம்மவர்கள் சொல்லி மகிழ்வார்கள். எனக்கோ அதிலுள்ள முறைதான் கண்ணில் படுகிறது. முதலில் அமைதியான நிலையில் நாடியை அறிந்துகொள்வது, பிறகு உடலுக்கோ மனதுக்கோ ஒரு தூண்டலைக் கொடுத்து நாடி எப்படி மாறுகிறதென்று பார்ப்பது, அந்த மாற்றத்திலிருந்து உள்ளே இருப்பதை ஊகிப்பது. இன்று உடற்பயிற்சி செய்வோர் மார்பிலும் மணிக்கட்டிலும் கட்டிக்கொள்கிற இதயத் துடிப்புமானி இந்த மூன்று வேலைகளில் முதல் இரண்டைத்தான் செய்கிறது. மூன்றாவது வேலை மனிதருக்கு உரியது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த மூன்றாவது வேலையைப் பற்றியது.

இப்னு ஸீனா (980–1037) 'அல்கானூன் ஃபித் திப்' என்னும் தமது பெருநூலில் நாடிக்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார். நாடியில் கவனிக்க வேண்டிய பத்து இயல்புகளை வகுக்கிறார். விரிவின் அளவு, விரலில் மோதும் வலிமை, அசைவின் வேகம், துடிப்புகளுக்கிடையிலான இடைவெளி, நாளத்தின் மென்மை, வெம்மை, ஒழுங்கு, ஒழுங்கின்மை என்று அது விரிகிறது. இசையின் தாளத்தோடும் நாடியை ஒப்பிடுகிறார். அதே நூலில் தேகப்பயிற்சி பற்றிய பகுதியும் உண்டு. உடல்நலம் பேணுவதில் பயிற்சி, உணவு, உறக்கம் என்ற மூன்றையும் முதன்மைப்படுத்தி, அவற்றிலும் பயிற்சியை முன்னே வைக்கிறார். எவ்வளவு பயிற்சி போதும் என்பதற்கு அவர் காட்டும் அடையாளங்கள் எளியவை. மேனியின் நிறம் பொலிந்துகொண்டே வருகிறதா, அசைவுகள் இலகுவாக இருக்கின்றனவா, அங்கங்கள் நிறைந்து தெரிகின்றனவா என்று பார். இவை மாறத் தொடங்கினால் நிறுத்து என்கிறார். இதில் எண் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாடியைப் பற்றி இவ்வளவு நுட்பமாக எழுதியவர், நிமிடத்துக்கு இத்தனை என்று எங்கும் சொல்லவில்லை. சொல்லக் கூடிய கடிகாரம் அன்று கிடையாது.

நம் மலையகத்துக்கும் இந்த மரபு வந்து சேர்ந்தது. 1929இல் கொழும்பு பொரளையில் சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கப்பட்டபோது ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றுக்கும் அதில் இடம் இருந்தது. பதுளைக் கடைத்தெருவில் என் வாப்பாவின் கடைக்கு எப்போதாவது ஒரு ஹகீம் வருவார். வந்தவர் முதலில் கேட்பது தேநீரோ நலமோ அல்ல, கையைத்தான். மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வந்த தமிழ்ச் சனங்களுக்கு அது புதினமாகத் தெரியவில்லை. வாதம், பித்தம், ஐயம் என்று மூன்று விரலுக்கும் மூன்று பெயர் சொல்லும் சித்த வைத்தியர்களை அவர்கள் அறிந்திருந்தார்கள். அரபு மொழியில் 'நப்ழ்' என்றாலும் தமிழில் நாடி என்றாலும் கை நீட்டுகிறவருக்கு ஒன்றுதான்.

நாடியை எண்ணத் தொடங்கியது வேறொரு வரலாறு. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஹெரோபிலஸ் நீர்க்கடிகாரத்தைக் கொண்டு முயன்றார். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் சந்தோரியோ ஊசலொன்றின் நூலை நீட்டியும் குறுக்கியும் நாடியோடு இசைய வைத்தார். 1707இல் இங்கிலாந்தின் ஜோன் புளோயர், ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரத்தைச் செய்வித்து அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். அதற்குப் பின்பே நாடி எண்ணாயிற்று. இப்னு ஸீனாவின் பத்து இயல்புகளில் ஒன்று மட்டும் பிழைத்து, மற்ற ஒன்பதும் மெல்ல மறைந்தன என்றும் சொல்லலாம்.

இதயத்தின் மின்னசைவை வரைந்து காட்டும் கருவியை ஒல்லாந்தின் வில்லெம் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கினார். நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர் வாளிகளில் அமிழ்த்தி அமர்ந்திருக்க வேண்டும். அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1924இல். அதே 1924இல்தான் கொழும்பிலிருந்து வந்த ரயில் பாதை பதுளையை எட்டி, இதற்கு மேல் போக இடமில்லை என்று நின்றது. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆனால் பதுளைக்காரன் எந்த ஆண்டைக் கேட்டாலும் ரயிலைத்தான் முதலில் நினைப்பான்.

உலாவும் மனிதனின் இதயத்தைப் பதிவு செய்ய முதலில் வழிகண்டவர் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து நோர்மன் ஹோல்டர். 1940களின் பிற்பகுதியில் அவர் முதுகில் சுமந்துகொண்டு சைக்கிள் மிதித்த வானொலிக் கருவியின் எடை ஏறத்தாழ 38 கிலோ. நம் தோட்டங்களில் ஒரு நாள் 'பேர்' விழுவதற்கு ஒரு பெண் பறிக்க வேண்டிய கொழுந்து பெரும்பாலும் 18 கிலோ அளவில் இருக்கும். அது குறைந்தால் 'அரைப் பேர்'. ஹோல்டரின் சுமையை அந்தப் பெண்களிடம் சொன்னால் அவர்கள் பெரிதாக வியக்க மாட்டார்கள்.

இந்தச் சுமையை ஒரு மார்புப் பட்டியாகவும் கைக்கடிகாரமாகவும் சுருக்கியவர்கள் பின்லாந்துக்காரர்கள். அங்கே பனிச்சறுக்கு ஓட்டம் நாட்டின் உயிர் போன்றது. பனியில் சறுக்கி ஓடுகிறவன் நடுவில் நின்று நாடி பிடிக்க முடியாது. நின்றால் துடிப்பும் இறங்கிவிடும். ஊலு பல்கலைக்கழகத்தின் மின்னணுவியல் பேராசிரியர் செப்போ ஸைனையாகங்கஸ் இதற்குத் தீர்வு தேடி, 1977இல் போலார் எலெக்ட்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார். 1982இல் கம்பியில்லாமல் மார்பிலிருந்து கைக்கடிகாரத்துக்குத் துடிப்பை அனுப்பும் கருவி விற்பனைக்கு வந்தது. மார்புப் பட்டி இதயத்தின் மின்னசைவையே பிடிக்கிறது. ஐந்தோவனின் உப்புநீர் வாளிகளின் வேலையை வியர்வையால் நனைந்த பட்டி செய்துவிடுகிறது.

கருவி வந்துவிட்டது. எத்தனை துடிப்பு நல்லது, எத்தனை ஆபத்து? இதற்கும் பின்லாந்தே ஒரு விடை வைத்திருந்தது. உடலியலாளர் மார்ட்டி கார்வோனன் 1957இல், விரல்விட்டு எண்ணக்கூடிய சில இளம் ஆண்களை ட்ரெட்மில் பட்டையில் ஓடவிட்டு, ஓய்வுத் துடிப்புக்கும் உச்சத் துடிப்புக்கும் இடைப்பட்ட தூரத்தில் எவ்வளவு ஏறினால் பயிற்சி பலன் தருகிறதென்று கண்டார். அவர் முறைப்படி கணக்குப் பார்க்க உச்சத் துடிப்பு தெரிய வேண்டும். அதற்கு எல்லோரும் இன்று சொல்லும் சூத்திரம் 220இலிருந்து வயதைக் கழிப்பது.

இந்தச் சூத்திரம் பிறந்த கதை வேடிக்கையானது. 1970 அளவில் அமெரிக்க ஆய்வாளர்களான சாமுவேல் ஃபொக்ஸும் வில்லியம் ஹஸ்கலும் ஒரு கூட்டத்துக்குப் போகும் வழியில், அதுவரை வெளிவந்திருந்த சில ஆய்வுகளின் எண்களைத் தாளில் குறித்து அவற்றினூடே ஒரு கோடு போட்டார்கள். இருபது வயதில் 200, நாற்பதில் 180, அறுபதில் 160 என்று கோடு அழகாக விழுந்தது. அவ்வளவுதான். அதைப் பயிற்சிக்கான சட்டமாக்கும் எண்ணம் தங்களுக்கு இருக்கவில்லை என்று பின்னாளில் ஹஸ்கல் சொல்லியிருக்கிறார். 2001இல் தனாகா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பெருந்தொகையான ஆய்வுகளைத் தொகுத்து வேறொரு சூத்திரம் தந்தார்கள்: வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்க வேண்டும். அதுவும் சராசரியே. ஒரே வயதுள்ள இருவருக்கிடையில் பத்து, இருபது துடிப்பு வேறுபாடு இருப்பது சாதாரணம்.

எனக்கு வயது 61. ஓய்வுபெற்ற பின் பிரஷர் கூடி, வைத்தியர் நடக்கச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வந்த மகன் மார்புப் பட்டியொன்றைக் கொண்டுவந்தான். முதல் சூத்திரப்படி என் உச்சம் 159, இரண்டாவதன்படி 165. காலையில் படுக்கையை விட்டு எழுமுன் எண்ணினால் ஓய்வுத் துடிப்பு 74. கார்வோனன் முறையில் 159இலிருந்து 74ஐக் கழித்தால் 85. அதில் பாதியை 74உடன் கூட்டினால் ஏறத்தாழ 116, பத்தில் ஏழு பங்கைக் கூட்டினால் 133. இந்த இரண்டுக்கும் இடையில் நடப்பதே என் வயதுக்குப் போதிய பயிற்சி என்று கணக்கு வந்தது. வைத்தியரும் சரியென்றார்.

பதுளையில் நடப்பவனுக்குச் சமதரை என்பது அபூர்வம். நகரம் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் மலைகளுக்கிடையே கிண்ணம்போல் கிடக்கிறது. கிழக்கே நமுனுகுல மலை 2,000 மீற்றரைத் தாண்டி நிற்கிறது. வின்சன்ட் டயஸ் மைதானத்தைச் சுற்றி நடக்கும்போது என் துடிப்பு 110ஐத் தாண்டாது. ஸ்பிரிங்வேலி வீதியில் திரும்பி ஏறத் தொடங்கினால் ஐந்தே நிமிடத்தில் 140. கடிகாரத்தைப் பார்த்து வேகத்தைக் குறைப்பேன். கால்களுக்கு அது அவமானமாக இருந்தாலும் இதயத்துக்கு அதுவே சரி. ஒரு கொப்பியில் தினமும் எழுதி வருகிறேன். ஏழெட்டு மாதத்தில் அதே ஏற்றத்தில் அதே வேகத்துக்கு 140 என்பது 126 ஆயிற்று. துடிப்புமானியின் உண்மையான பயன் இதுதான் என்பது என் அபிப்பிராயம். அடுத்தவரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவதில் பொருளில்லை. உங்கள் நேற்றைய எண்ணோடு ஒப்பிடலாம்.

கொப்பியில் வேறு சிலவும் தெரிந்தன. இரவு உறக்கம் கெட்டால் காலை எண் கூடுகிறது. காய்ச்சல் வருவதற்கு முதல்நாளே கூடிவிட்டதைக் கண்டிருக்கிறேன். நோன்பு மாதத்தில் அஸருக்குப் பின் நடந்தால், உடலில் நீர் குறைந்திருப்பதால் அதே நடைக்குத் துடிப்பு மேலே நிற்கிறது. தராவீஹுக்குப் பின் நடந்தால் அப்படியில்லை. என் நண்பரொருவர் அற்றெனோலோல் குளிசை எடுப்பவர். அவர் எவ்வளவு வேர்க்க நடந்தாலும் கடிகாரம் 105ஐத் தாண்டவில்லையென்று கவலைப்பட்டார். இதயத்தின் ஓட்டத்தைக் கட்டிப் பிடிப்பதே அந்தக் குளிசையின் வேலை. அவருடைய வைத்தியர் எண்ணை மறந்துவிட்டு, பேசிக்கொண்டு நடக்க முடிகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார். மேனியின் நிறத்தையும் அசைவின் இலகுவையும் பார்க்கச் சொன்ன இப்னு ஸீனாவுக்கு இது அதிக தூரமில்லை.

இப்போது மணிக்கட்டில் கட்டும் பட்டிகளே அதிகம் விற்பனையாகின்றன. இவை மின்னசைவைப் பிடிப்பதில்லை. பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, ஒவ்வொரு துடிப்புக்கும் நாளத்தில் கூடிக் குறையும் இரத்தம் அந்த ஒளியை எவ்வளவு விழுங்குகிறதென்று பார்க்கின்றன. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்வகைக் கருவிகள் பலவற்றைச் சோதித்தபோது, கறுத்த தோலுக்கும் வெளுத்த தோலுக்கும் இடையில் கணிசமான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஓய்விலிருப்பதைவிட உடல் அசையும்போது பிழை சராசரியாக 30 வீதம் கூடியது. கையை ஆட்டி வேலை செய்பவர்களுக்கு மார்புப் பட்டியே நம்பகமானது.

பச்சை ஒளியை விழுங்குவது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். ஒட்சிசனைச் சுமப்பதும் அதுவே. இனி நான் சொல்ல வந்த விடயம் அந்த ஹீமோகுளோபினைப் பற்றியது. நடைப்பயிற்சிக்காரர்களை மைதானத்தில் விட்டுவிட்டுத் தேயிலை மலைக்கு ஏற வேண்டும்.

இங்கிலிஷ்காரன் காலத்திலிருந்தே தோட்டத் தொழிலாளியைப் பற்றி வழங்கிவரும் ஒரு சொல் 'சோம்பேறி'. காலையில் பெரட்டுக்கு ஏழு மணிக்கு வந்து நின்று, செங்குத்தான சரிவில் மாலைவரை கொழுந்து எடுக்கும் பெண்ணைப் பற்றி, மலையைப் பார்த்து ஒரு நிமிடம் இளைப்பாறினாள் என்பதற்காகச் சொல்லப்பட்ட சொல் அது. துரைகள் சொன்னார்கள், கணக்கப்பிள்ளைமார் சொன்னார்கள், வெட்கத்தோடு எழுத வேண்டியிருக்கிறது, நகரத்துக் கடைக்காரர்களும் சொன்னார்கள்.

அந்த இளைப்புக்கு ஒரு காரணம் காலின் கீழே இருந்தது. செருப்பில்லாத கால், மலசலகூடமில்லாத லயம், ஈரமான மண். கொளுக்கிப்புழுவின் குஞ்சுகள் மண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் போகின்றன. வளர்ந்த புழுக்கள் குடலில் தொங்கி இரத்தம் குடிக்கின்றன. அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் 1916 அளவில் இலங்கையில் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது தோட்டங்களையே முதற்களமாகத் தேர்ந்தது. புழு போக, உணவில் இரும்புச்சத்துக் குறைவு, அடுத்தடுத்த பிள்ளைப்பேறு, மாதவிலக்கு. இவற்றோடு நம் எல்லோருக்கும் பிடித்தமான தேநீரும் சேர்கிறது. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் தாவர உணவிலுள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்வதைத் தடுக்கிறதென்று தென் ஆபிரிக்க ஆய்வாளர்கள் 1975இல் காட்டினார்கள். ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் காலை உணவாக உள்ள வீட்டில் இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

1970களில், தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த 1973–74 பஞ்சத்தின் நினைவு ஆறுமுன்னே, கலிபோர்னியாவின் உடலியல் ஆய்வாளர்கள் சிலரும் பேராதனை மருத்துவ பீடத்தின் பிரையன் சேனவிரத்னவும் சேர்ந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடம் தொடர்ச்சியாகச் சில ஆய்வுகளைச் செய்தார்கள். சேனவிரத்ன, 1948இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டதைத் தம் வாழ்நாளெல்லாம் கண்டித்துவந்த சிங்களவர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. 1977இல் வெளியான ஆய்வில் 75 பெண்கள் ட்ரெட்மில் பட்டையில் ஏற்றப்பட்டார்கள். அவர்களுடைய ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 6 கிராம் முதல் 15 கிராமுக்கு மேல் வரை பரந்திருந்தது. பட்டையின் வேகத்தையும் சரிவையும் படிப்படியாகக் கூட்டி, துடிப்பையும் இரத்தத்தில் சேரும் லக்டிக் அமிலத்தையும் அளந்தார்கள். கண்டது தெளிவானது. அதே வேலைக்கு, இரத்தம் குறைந்தவளின் இதயம் அதிகமாக அடித்தது. அமிலமும் அவளுக்கே அதிகம் சேர்ந்தது. இரத்தம் மிகக் குறைந்தவர்கள் மேற்படிகளை எட்டவே இல்லை.

ஏன் என்பது சிக்கலான கேள்வியல்ல. ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் இரத்தம் ஏறத்தாழ ஓரளவுதான். அதில் ஒட்சிசனைச் சுமக்கும் ஆள் பாதியாகக் குறைந்தால், அதே சுமையை அனுப்ப இதயம் கூடுதல் தடவை ஓட வேண்டும். கூடையின் அளவு சிறுத்தால் நிறுவைக்குப் போகும் நடை கூடுவது போல.

1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்த கட்டுரை இன்னும் ஒருபடி போயிற்று. ஒரு தேயிலைத் தோட்டத்தில் சிலருக்கு இரும்புச்சத்தும் சிலருக்கு வெற்றுமருந்தும் கொடுத்து, நாளொன்றுக்குப் பறித்த கொழுந்தின் எடையை முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். ஒரு மாதத்தில், இரும்பினால் ஹீமோகுளோபின் ஏறியவர்கள் கூடுதலாகப் பறித்தார்கள். மிக மோசமாக இரத்தம் குறைந்திருந்தவர்களிடமே முன்னேற்றம் அதிகம். அத்தோடு, அன்றாட வாழ்வில் அவர்கள் எவ்வளவு அசைகிறார்கள் என்பதையும் நான்கு மணி நேரமும் இருபத்துநான்கு மணி நேரமும் தொடர்ச்சியாகப் பதிவு செய்தார்கள். சிகிச்சைக்குப் பின் அசைவு கூடியது. இன்று இளைஞர்கள் மணிக்கட்டில் பெருமையோடு கட்டிக்கொண்டு இத்தனை ஆயிரம் அடி நடந்தேன் என்று சொல்கிறார்களே, அந்தப் பட்டியின் வேலையைச் செய்த பதிவுமுறை, போலார் நிறுவனத்தின் கம்பியில்லாக் கருவி சந்தைக்கு வருமுன்னரே நம் தேயிலைத் தோட்டத்தை எட்டிவிட்டது. இந்தோனேசிய இறப்பர்த் தோட்டத் தொழிலாளரிடமும் அதே காலத்தில் இதையொத்த ஆய்வு நடந்து இதையொத்த முடிவு கிடைத்தது.

இவ்வாய்வுகளில் எனக்கொரு மனக்குறை உண்டு. ஒரு பெண்ணின் களைப்புத் தீர வேண்டும் என்பதற்கு, அவள் கூடுதல் கொழுந்து பறிப்பாள் என்பதை நியாயமாகக் காட்ட வேண்டியிருந்தது. இரத்தமில்லாதவளுக்கு இரத்தம் ஊற வேண்டும் என்பதற்குக் கம்பெனியின் இலாபம் ஏன் சாட்சி சொல்ல வேண்டும்? ஆனால் அக்கட்டுரையின் முடிவில் வைத்தியர்கள் எழுதிய ஒரு கருத்து அந்தக் குறையை ஓரளவு போக்குகிறது. இரத்தசோகையுள்ளவர்கள் களைப்பாலும் பலவீனத்தாலும் துன்பப்படுகிறார்கள் என்று வைத்தியர்கள் அனுபவத்தால் எண்ணிவந்ததற்கு இது வலுவான சான்று என்கிறார்கள் அவர்கள். நூறாண்டுக்கு மேலாகச் 'சோம்பேறி' என்று சொல்லப்பட்டதற்கு, எண்ணிலும் நிறையிலும் எழுதப்பட்ட மறுப்பு என்றே அதை நான் வாசிக்கிறேன்.

இந்த ஆய்வுகளைப் படித்த பிறகு, கடைகளில் விற்கும் துடிப்புமானிகளின் கையேடுகளை அவநம்பிக்கையோடு பார்க்கத் தொடங்கினேன். அவை துடிப்பை ஐந்து வலயங்களாகப் பிரிக்கின்றன. துடிப்பு மேலே போகப் போக நிறம் மாறுகிறது. கடிகாரம் பாராட்டும் சொல்கிறது. வேகமாக அடிக்கும் இதயம் கடுமையாக உழைக்கும் இதயம் என்பது அதன் எடுகோள். உழைப்புக் கூடியதால் அடிக்கிறதா, இரத்தம் குறைந்ததால் அடிக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

சென்ற ஆண்டு பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி பார்க்க வந்திருந்தாள். இப்போது அவளே ஆசிரியை. அம்மாவுக்கு வயது 46, இன்னும் மலைக்குப் போகிறார், படியேறினால் மூச்சு வாங்குகிறது, வயதாகிவிட்டது என்கிறார் என்றாள். என் மார்புப் பட்டியைக் கொடுத்தனுப்பி, பின்னொரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் அங்கே போனோம். மகள் உள்ளறையில் அம்மாவுக்குப் பட்டியைக் கட்டிவிட்டாள். கடிகாரம் என் கையில்.

"கொழுந்த நிறுக்கத்தான் தராசு வச்சிருந்தாங்க. இப்ப நெஞ்ச நிறுக்கவும் ஒண்ணு வந்திருச்சா, மாஸ்டர்?" என்று சிரித்தார்.

"நிறுவையில வெட்டு விழாது, பயப்படாதீங்க" என்றேன்.

லயத்திலிருந்து மேல்மலைக்குப் போகும் படிகளில், கூடையில்லாமல், வழக்கமான நடையில் ஏறினார். உச்சியில் 158. அவருடைய வயதுக்குச் சூத்திரம் சொல்லும் உச்சம் 174. ஓர் ஓட்டவீரர் போட்டியின் கடைசிச் சுற்றில் தொடக்கூடிய அளவு. கடிகாரம் சிவப்பைக் காட்டி, மிகச் சிறந்த பயிற்சி என்றது. பத்து நிமிடம் உட்கார வைத்தும் எண் 110க்குக் கீழே இறங்கவில்லை. இத்தனைக்கும் அது அவருடைய பயிற்சியல்ல, வேலைக்குப் போகும் வழி. கண்ணின் கீழிமையை மகள் இறக்கிப் பார்த்தாள், வெளிறிக் கிடந்தது.

அந்த வாரமே வைத்தியசாலையில் இரத்தம் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் 8க்குக் கீழே. புழுவுக்கு மருந்து, இரும்புக் குளிசை, மேற்கொண்டு சில சோதனைகள். குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுக்கவும், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்தே தேநீர் குடிக்கவும் சொன்னார்கள். "தேத்தண்ணி குடிக்காம எப்பிடி மாஸ்டர் மலைக்குப் போறது?" என்பதே அவருடைய ஒரே முறைப்பாடு. மூன்று மாதங்களுக்குப் பின் அதே படிகளில் 132. கடிகாரம் இந்தத் தடவை பாராட்டவில்லை. மிதமான பயிற்சி என்றதோடு சரி.

துடிப்புமானி வாங்க எல்லோராலும் முடியாது, வாங்கவும் வேண்டியதில்லை. பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் இரு விரல்களை வைத்து, கைத்தொலைபேசியின் கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். எழுந்தவுடன் ஒருமுறை, ஒரே படியில் ஏறியபின் ஒருமுறை, பத்து நிமிடம் கழித்து ஒருமுறை. மூன்று எண்களையும் தேதியோடு எழுதி வைத்தால் வைத்தியர் அதைப் பார்க்க மறுப்பதில்லை. மாணவி தன் பாடசாலையில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மாமாரின் கையைப் பிடித்து எண்ணியிருக்கிறார்கள். அடுத்த மாதக் கிளினிக்குக்கு அந்த டிவிஷனிலிருந்து பதினொரு பெண்கள் கொப்பித் தாள்களோடு வந்தார்கள். அவர்களில் நான்கு பேருக்கு அன்றே இரத்தம் எடுத்தார்கள்.